துவக்கை எதைக் கொண்டு அளப்பது?

இந்தியாவில் .303 ரைபிளைச் சாதாரணக் குடிமகன் வைத்திருக்க முடியாது. அது தடைசெய்யப்பட்ட குழல்விட்டம். அதே லீ-என்ஃபீல்டு பொறியமைப்பில் இஷாப்பூர் ஆலை செய்த .315 ரைபிளுக்கோ உரிமம் கிடைக்கும். விட்டத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதிலும் அனுமதிக்கப்பட்டதே பெரிது. படையின் தோட்டா வெளியார் கைக்குப் போகக்கூடாது என்ற காலனிய அச்சத்தில் பிறந்த பிரிவு இது. உத்தரப் பிரதேசப் பொலிஸ் 2020 குடியரசு தினத்தோடு .303க்கு விடைகொடுத்துவிட்டது, சட்டத்தின் கோடு மட்டும் அசையவில்லை.

இலங்கையில், ஹாலிஎலையில் இருக்கும் நாமும் இதை யோசிக்க வேண்டும். நமது துப்பாக்கிச் சட்டத்தின் அடித்தளமும் காலனிய காலத்தது, 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். ஆனால் ஊவாவில் கொழுந்து பறிக்கவோ விறகு பொறுக்கவோ போகிறவரின் காலுக்குக் காத்திருக்கும் ஆபத்து, பயிரை அழிக்கும் பன்றிக்கென்று, கம்பியில் கால் பட்டதும் வெடிக்கும்படி கட்டிய கட்டுத்துவக்கு. அது எந்த உரிமப் புத்தகத்திலும் ஏறாது. எவ்வளவு விரைவாகச் சுடும், எவ்வளவு தூரம் பாயும், விசையை இழுப்பது மனிதனா கம்பியா என்று கேட்டே சட்டம் ஆயுதங்களை வகுக்க வேண்டும். கூடவே, மரக்கறித் தோட்டங்களுக்குப் பாதுகாப்பான வேலி போட அரசு உதவ வேண்டும். பயிரைக் காக்க வேறு வழி கிடைத்தால்தான் கட்டுத்துவக்கு ஒழியும்.