லண்டனில் இருந்து வரும் வேர்க்குளிசையும் கூட வராத பரிசோதனையும்

கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு வீட்டின் சுவாமிப்படத் தட்டில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்தப் போத்தல் இருந்தது. லண்டனில் இருக்கும் மகன் அனுப்பியது. “சலத்துக்கு நல்லதாம், காஞ்சோண்டி வேராம்” என்றார் எழுபதைத் தாண்டிய ஐயா. இரவில் ஐந்தாறு தரம் எழும்ப வேண்டியிருக்கிறதாம். எழும்பிப் போனாலும் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறதாம். எட்டு மாதமாக அந்தக் குளிசையைப் போடுகிறார். ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா என்று கேட்டேன். “இதுக்கெல்லாம் என்னத்தைப் போய்க் காட்டுறது பிள்ளை” என்று சிரித்தார்.

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். எங்கள் வேலியோரங்களில் பட்டால் கடிக்கிற காஞ்சோண்டி, ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. ஐரோப்பாவில் குளிசையாக விற்கப்படுவது அங்குள்ள நெற்றில் என்ற வேறொரு செடியின் வேர். இரண்டும் தோலில் பட்டால் சுணைக்கும் என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. எங்கள் காஞ்சோண்டி வேரும் நாட்டு வைத்தியத்தில் பயன்படுவதுதான். ஆனால், ஜேர்மனியிலும் ஈரானிலும் ஆராய்ந்து பார்த்தது அதை அல்ல. போத்தல் தீர்ந்ததும் வேலியில் கிண்டி அவித்துக் குடிக்கலாம் என்று எவரும் நினைக்கக்கூடாது.

பெயர்க் குழப்பம் சின்ன விசயமல்ல. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைக் குளிசை எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. பெயர் ஒத்திருந்ததால் ஒரு மூலிகைக்குப் பதிலாக இன்னொன்று கலக்கப்பட்டிருந்தது. அந்த இன்னொன்று, எங்கள் ஊர் ஈச்சுரமூலியின் இனத்தைச் சேர்ந்த செடி. அந்தப் பெண்களில் சிலருக்குப் பின்னாளில் சலப்பாதையில் புற்றுநோயும் வந்தது.

நெற்றில் வேர் அப்படிப்பட்ட நஞ்சல்ல. அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வயது போன ஆண்களுக்குப் புரொஸ்டேட் சுரப்பி பருத்துச் சலப்பாதையை நெரிக்கும்போது வருகிற தொல்லைகளுக்கு, நாளொன்றுக்கு 4 முதல் 6 கிராம் வேர் என்ற அளவை ஜேர்மனியின் மூலிகை மருந்து மதிப்பீட்டுக் குழு ஏற்றுக்கொண்டிருந்தது. ஈரானில் சுமார் 600 ஆண்களை வைத்து நடத்திய ஆறு மாத ஆய்வில் சலம் போவது ஓரளவு இலகுவானதாகப் பதிவாகியிருக்கிறது. சிலருக்கு வயிற்றுப் பொருமல், குமட்டல், வயிற்றோட்டம், தோலில் கடி வரலாம். அநேகருக்கு அதோடு சரி. ஆனால், அது தொல்லையைக் குறைக்குமே தவிரப் பருத்த சுரப்பியைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

சரி, பிறகு என்ன பிரச்சினை? ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் இந்த வேரை ஒரு நிபந்தனையோடுதான் ஏற்கிறது. வேறு பாரதூரமான நோய் எதுவும் இல்லை என்று வைத்தியர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே இதை எடுக்கலாம். லண்டனில் இந்தப் போத்தலை வாங்குகிற ஒருவருக்கு அவருடைய குடும்ப வைத்தியர் இரத்தம், சலம் எல்லாம் சோதித்திருக்கக்கூடும். போத்தல் பார்சலில் வன்னிக்கு வந்துவிடுகிறது. அந்தச் சோதனை வருவதில்லை.

இரவில் அடிக்கடி எழும்ப வைப்பது நீரிழிவாகவும் இருக்கலாம், சலத்தில் கிருமித்தொற்றாகவும் இருக்கலாம், புரொஸ்டேட் புற்றுநோயாகவும் இருக்கலாம். சலப்பை முழுதாக வெறுமையாகாமல் மாதக்கணக்கில் தேங்கி நின்றால் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகும். வேர்க்குளிசை அந்தரத்தைக் கொஞ்சம் தணித்துவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இருந்த ஒரே காரணமும் இல்லாமல் போய்விடுகிறது. ஐயா இழந்திருப்பது அந்த எட்டு மாதம்.

இதில் போர் எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு விசயம் சொல்ல வேண்டும். ஷெல் துண்டு பட்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் எங்கள் மத்தியில் வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சலம் போகாமல் இருப்பதற்குக் காரணம் புரொஸ்டேட் அல்ல, சலப்பைக்குப் போகிற நரம்பு அறுந்ததோ நசிந்ததோதான். அதற்கு இந்த வேர் எதுவும் செய்யாது. அவர்களுக்குத் தேவை ஒழுங்காகக் குழாய் போட்டுச் சலத்தை எடுப்பதும் சிறுநீரகத்தை இடைக்கிடை ஸ்கேன் செய்து பார்ப்பதும்தான். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். “உங்களுக்கும் இது நல்லம்” என்று அயலவர்கள் போத்தலைப் பகிர்வது அன்பால்தான். ஆனால், இந்த இடத்தில் அந்த அன்பு ஆபத்தானது.

மற்றையது பழக்கம். 1990களில் வடக்குக்கு மருந்து வருவதே மட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் கைவைத்தியம் எங்களைக் காப்பாற்றியது. 2022இல் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டுப் பார்சல் காப்பாற்றியது. இரண்டின் மீதும் சனத்துக்கு இருக்கும் நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. முல்லைத்தீவில் இருந்து நிபுணரைக் காண யாழ்ப்பாணம் போவதென்றால் ஒரு முழு நாள் போய்விடும். கூடப் போக ஆள் வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில். இந்த வருத்தத்தை மகளுக்குத் தொலைபேசியில் சொல்லத் தகப்பனுக்குக் கூச்சம். குளிசை அனுப்புகிற மகனுக்கோ தான் ஏதோ செய்துவிட்ட ஆறுதல். நோயாளியைத் தேடிப் போகாத சுகாதாரக் கட்டமைப்பு விட்ட வெற்றிடத்தைத்தான் பார்சல் நிரப்புகிறது.

சட்டமும் இந்த இடத்தில் கை கொடுப்பதில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு, மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட உற்பத்திகள் மீதும் அதிகாரம் உண்டு. ஆனால், உடுப்புக்குள் சுற்றி வருகிற போத்தலை எந்த அதிகாரசபை பார்க்கப் போகிறது? ஆகவே, சோதனை அனுப்புகிறவரிடமே தொடங்க வேண்டும். பிரித்தானியாவில் பதிவுபெற்ற மூலிகை மருந்தில் ரி.எச்.ஆர். என்ற ஆங்கில எழுத்துகளும், கனடாவில் என்.பி.என். என்ற எட்டு இலக்க எண்ணும் இருக்கும். அமெரிக்காவில் இத்தகைய குளிசைகள் சந்தைக்கு வருமுன் அரசின் அனுமதி பெற வேண்டியதில்லை. இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று அங்கிருந்து எடுப்பிப்பவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

போத்தலின் பின்பக்கத்தையும் வாசியுங்கள். வேரா, இலையா? இலையில் விற்றமின் கே அதிகம். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்களின் மருந்தை அது குழப்பும். பல போத்தல்களில் சோ பல்மெட்டோ என்ற பனையினப் பழச்சாறும் கலந்திருக்கிறது. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, அதற்கும் வெறும் குளிசைக்கும் வித்தியாசம் இல்லை என்றே முடித்தது. பிரஷர், நீரிழிவுக் குளிசைகள் எடுப்பவர்கள் கிளினிக்கில் இதையும் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். தடிமனுக்கு நாங்கள் யோசிக்காமல் போடுகிற பிரிட்டன் குளிசை, புரொஸ்டேட் பருத்தவருக்குச் சலத்தை முற்றாகவே அடைத்துவிடக் கூடியது. வேரைவிட அதற்குத்தான் நான் பயப்படுவேன்.

சலத்தில் இரத்தம், காய்ச்சல், முதுகு நோ, காரணமில்லாத மெலிவு ஏதாவது இருந்தால் போத்தலை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சலம் அடியோடு நின்றுவிட்டால் விடியும்வரை பார்த்திருக்கக்கூடாது. அரச வைத்தியசாலையில் சலப் பரிசோதனைக்கும் சீனி பார்ப்பதற்கும் காசில்லை.

ஐயாவை அயலில் உள்ள பெறாமகள் ஒருத்தி போன மாதம் கூட்டிச் சென்றாள். இரத்தம் எடுத்திருக்கிறார்கள், ஸ்கேனுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். போத்தலையும் கையோடு கொண்டு போனாராம். டொக்டர் ஏசவில்லையாம். திருப்பிப் பின்பக்கத்தை வாசித்துவிட்டு, “முதல் இதை ஆர் பார்த்துத் தந்தது?” என்று மட்டும் கேட்டாராம்.