கயிறு தாண்டலும் குத்துச்சண்டையும்

எங்கள் போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படும் ஜீப்புகள், முந்தலைக் கடந்து 17 கொண்டையூசி வளைவுகளையும் ஏறிப் போடிமெட்டை அடையும். அவ்வளைவுகளில் ஓடிப் பழகியவன் யான். ஆதலின், குத்துச்சண்டை பயிலப் புகுந்த காலத்தில், மலையேறிய காலுக்கு வேறு பயிற்சி எற்றுக்கு என்று இறுமாந்திருந்தேன். முதற் போட்டியிலேயே அவ்விறுமாப்பு அகன்றது. மூச்சு வாங்கவில்லை, ஆனால் கால் பெயரவில்லை. எதிர்நின்றோன் சுற்றிச் சுற்றி வந்து குத்த, யான் நட்ட கல்லாய் நின்றேன். அன்று பயிற்சியாளர் என் கையிற் கொடுத்தது ஒரு கயிறு.

அதனைக் கண்ட தோழர் சிலர், 'பெண்பிள்ளைகள் விளையாட்டு' என நகைத்தனர். இவ்விரண்டு சொற்களையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, இது வெறும் விளையாட்டோ? மலையேற்றம் நெஞ்சிற்கும் தொடைக்கும் வலிமை தருமென்பதை மறுப்பாரில்லை. ஆயின் ஏறுவோன் அடிதோறும் தன் பாரத்தை நிலத்தில் ஊன்றுகிறான். குத்துச்சண்டை வீரனோ ஊன்றிய காலை நொடியிற் பெயர்த்தல் வேண்டும். முன்பாதத்தில் நிற்கும் அவ்விலகுவைக் கயிறு கற்பிக்கின்றது. கயிறு செல்லுமளவு, ஓரிரண்டு அங்குலம் எழுந்தாற் போதும். முழங்கையை விலாவோடு அணைத்து மணிக்கட்டினாற் சுழற்றுதல் வேண்டும். கையும் காலும் ஒரு தாளத்தில் இயங்காவிடின் கயிறு காலிற் தட்டும். பிழையை அக்கணமே சுட்டும் ஆசான் இதனினும் வேறுண்டோ? ஒலிம்பிக் போட்டியில் 3 நிமிடச் சுற்றுகள் மூன்று; இடையே 1 நிமிட ஓய்வு. அக்கணக்கிலேயே கயிற்றைத் தாண்டிவரின் உடல் அவ்வளவிற்குப் பழகும். 1980-ஆம் ஆண்டு சென்னையிற் காட்சிப் போட்டியாடிய முகம்மது அலியும் கயிறு தாண்டிப் பயின்றவரே.

கயிறு குத்தக் கற்பியாது, எதிரியின் கருத்தறியக் கற்பியாது என்பாருளர். உண்மையே, அது கலையன்று, கலைக்கு அடிப்படை. கட்டாந்தரையில் மிகுதியாகத் தாண்டினால் முன்னங்கால் எலும்பு நோவும். மண்தரையிற் சிறுகச் சிறுகக் கூட்டுதல் நலம். கையுறையும் மணல்மூட்டையும் வாங்கவியலாத தோட்டத் தொழிலாளர் மக்களுக்கும் கயிறு எட்டுமென்பது அதன் தனிச்சிறப்பு.

இரண்டாவது, 'பெண்பிள்ளைகள்' என்னும் சொல். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியா இதுவரை பெற்ற பதக்கங்கள் மூன்று. 2008-இல் விஜேந்தர் சிங்கும், 2012-இல் மேரி கோமும், 2021-இல் நடந்த டோக்கியோப் போட்டியில் லவ்லினா போர்கோஹெய்னும் பெற்ற வெண்கலங்கள் அவை. மூவருள் இருவர் பெண்கள். நகைத்தோர் இக்கணக்கை அறிவாராக.

சென்ற விடுமுறையில் வீட்டு முற்றத்தில் யான் கயிற்றோடு இடர்ப்படுவதைக் கண்ட என் தங்கை, அதனை வாங்கி ஒருமுறையேனும் தட்டாமல் இருநூறு தாண்டினாள். பாட்டியார் வெளியே வந்து, "வயது வந்த பிள்ளை குதிக்கலாமா?" என்று கயிற்றைப் பற்றி என்னிடம் கொடுத்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்றாள். யானும் வாய் திறவாமல் வாங்கிக்கொண்டேன். தோழர் நகைத்ததினும் என் மௌனமே பெரும்பிழை என்பதை இப்பொழுது உணர்கின்றேன்.

அடுத்த விடுமுறைக்குப் போடி செல்லும்போது இரண்டு கயிறுகள் கொண்டுசெல்வேன்.