சுற்றி வைக்கும் கை

மாசி மகத்துக்கு வெள்ளி ரதம் சேங் சன்னாசிமலைக்குப் புறப்படும் நாள் நெருங்கிவிட்டால், பூக்கட்டுகிறவர்களும் அன்னதானச் சமையற்காரர்களும் எத்தனை பரபரப்போடு இருக்கிறார்களோ அத்தனை பரபரப்போடு, ஆனால் பக்தர்கள் ஒருவருடைய கண்ணிலும் படாமல், ஏணியும் கையுமாகப் பந்தற்காலுக்குப் பந்தற்கால் ஏறி இறங்குகிற ஒரு வர்க்கத்தார் நம் மலாக்காவில் உண்டு. அவர்கள் ஒயர் இழுக்கிறவர்கள். விளக்குத் தோரணத்தைப் புகழ்வோர் பலர். ஒலிபெருக்கியை வைவோர் அதனினும் பலர். இவ்விரண்டுக்கும் உயிர்கொடுத்த ஒயரை விழா முடிந்த மறுநாள் மண்ணிலிருந்து பொறுக்கித் துடைத்துச் சுற்றி வைத்தவர் யார் என்று கேட்டவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. அப்படிச் சுற்றி வைக்கும் காரியத்தைப் பற்றித்தான் என் அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறேன். அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள், தங்கள் வீட்டு மேஜை இழுப்பறையை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மேலே படிக்கலாம்.

நான் பிறந்து வளர்ந்தது ஜாசின் பக்கத்துக் கித்தாத் தோட்டமொன்றில். இரவு பத்து மணிக்கு இன்ஜின் நின்றால் லயத்தில் விளக்கும் நின்றுவிடும் காலம் அது. தீமிதித் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக ஒரு பழைய வேனில் மைக்செட் அண்ணன் வந்து இறங்குவார்; கூம்புக் குழாய்களையும் இசைத்தட்டுப் பெட்டியையும் நாங்கள் முண்டியடித்துக்கொண்டு தூக்கிச் செல்வோம்; ஒயர்க் கட்டை மட்டும் அவர் எவரையும் தொடவிடமாட்டார். திருவிழா முடிந்த காலையில், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, நான் ஓர் ஒயரை எடுத்து உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சரசரவென்று சுற்றத் தொடங்கினேன். அண்ணன் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார். “முழங்கையில சுத்தாதே தம்பி, ஒயரு கோவிச்சுக்கும்” என்றார்.

பிறகு அவர் சுற்றிக் காட்டியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இடக்கையைத் தளர்வாக நீட்டி வைத்துக்கொண்டு, வலக்கையால் ஒரு பாகம் ஒயரை இழுத்து முதல் வளையத்தை இயல்பாகச் சாய்த்தார். அடுத்த வளையத்துக்கு மணிக்கட்டை உட்புறமாக மடக்கி, ஒயர் முதல் வளையத்துக்கு அடியில் போய் விழும்படி திருப்பினார். மூன்றாவது முதலாவதைப் போல, நான்காவது இரண்டாவதைப் போல, இப்படி மேலொன்று கீழொன்றாகத் தாளம் தவறாமல் வளையங்கள் ஒரே அளவில் அவர் கையில் அடுக்கிக்கொண்டே போயின. கடைசியில் ஒரு துண்டுச் சணலால் கட்டினார். ஒயரின் நுனியையே வளையங்களுக்குள் நுழைத்துக் கட்டுவது அவரிடம் மகா பாவம். அப்படிச் செய்தால் அடுத்த தடவை பிரிக்கும்போது வரிசையாக முடிச்சுகள் விழும் என்பது அவர் கணக்கு, அந்தக் கணக்கு சரியான கணக்கு.

ஒரே திக்கில் சுற்றப்படும் ஒயரில் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முறுக்கு ஏறுகிறது; நூறு வளையத்துக்கு நூறு முறுக்கு. அந்த முறுக்கைத் தாங்கமாட்டாமல்தான் ஒயர் தரையில் பாம்புபோல் நெளிந்து கண்ணியிடுகிறது, நாளடைவில் உள்ளிருக்கும் மெல்லிய செம்புப் புரிகளும் மடிந்து அறுந்துபோகின்றன. ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிச் சுற்றினால், ஒரு வளையம் ஏற்றிய முறுக்கை அடுத்த வளையம் கழித்துவிடுகிறது. ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு கட்டை வீசினால் ஒயர் நேராக ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் காற்பங்கு படித்திருந்த அந்த மனிதர் இதை எவ்விடத்தில் கற்றார் என்று தெரியாது. காத்தாடி நூலை மைலோ டின்னில் சுற்றிய சிறுவர்களாகிய எங்களுக்கும் இதில் பாதி ஞானம் இருந்ததை இப்போது உணர்கிறேன். டின்னை உருட்டி நூல் விட்டால் நூல் அமைதியாகப் போகும். டின்னை நிற்கவைத்து மேல்வழியாக நூலை உருவினால் அது சுருண்டுகொண்டு வரும். உருளை என்னும் சாதனத்தின் தத்துவம் முழுவதும் அந்தத் தகர டின்னுக்குள் அடக்கம்.

இவ்விஷயத்தில் மலாக்காக்காரனுக்குப் பேச விசேஷ உரிமை உண்டென்று நான் கருதுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. தான் சே யான் என்னும் சீனப் பெருவணிகர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதும், அதன் பின்னே நம் முன்னோர் கப்பலேறி வந்து பால்மரக் காட்டில் உழைத்ததும் எல்லோரும் அறிந்த சரித்திரம். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இத்தீபகற்பத்துக் காடுகளில் வேறொரு மரத்தின் பால் உலகத்தையே கட்டியிழுக்கத் தொடங்கியிருந்தது. தாபான் என்று மலாய்க்காரர் சொல்லும் அம்மரத்தின் பால், வெந்நீரில் இளகி, ஆறினால் இறுகி, எந்த வடிவத்தையும் ஏற்கும். மலாய்க்காரர்கள் அதைக்கொண்டு பாராங் கத்திக்குப் பிடி போடுவதைக் கண்ட வில்லியம் மான்ட்காமரி என்ற சிங்கப்பூர் வைத்தியர் 1843இல் அதன் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். உப்பு நீரில் அழியாமலும் மின்சாரத்தைக் கசியவிடாமலும் செம்புக் கம்பிக்குப் போர்வையாகக்கூடிய பொருள் அதுவே என்று தெரிந்தவுடன், கடலடித் தந்தி சாத்தியமாயிற்று. ஆங்கிலேயர் அதற்குக் ‘கட்டா பெர்ச்சா’ என்று பெயரிட்டனர். அப்பெயரின் முற்பாதியும், நம் பாட்டன்மார் வாயில் வழங்கிய ‘கித்தா’வும், பிசினையும் மரப்பாலையும் குறிக்கும் ‘கெத்தா’ என்ற ஒரே மலாய்ச் சொல்லின் திரிபுகள்தாம். கீறிப் பால் எடுக்க இடங்கொடாத அம்மரங்களை அடியோடு வெட்டிச் சாய்த்தே பால் எடுத்தார்கள் என்பதும், அதனால் காடுகள் மொட்டையாயின என்பதும் இக்கதையின் வருத்தமான பகுதி.

அப்பால் போர்த்திய கடலடிக் கேபிளை ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்குச் செய்துவிடலாம். சிக்கலில்லாமல் வைப்பது எங்கே? 1866இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து தந்திக் கேபிள் போட்ட ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்ற ராட்சதக் கப்பலின் வயிற்றில் மூன்று பிரம்மாண்டமான இரும்புத் தொட்டிகள் இருந்தன. ஆட்கள் தொட்டிக்குள் இறங்கி, செக்குமாடு சுற்றுவதுபோல் சுற்றிச் சுற்றி நடந்து, வெளி விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி ஒவ்வொரு சுற்றையும் கையால் அழுத்தி வைத்தார்கள். ஓர் அடுக்கு முடிந்ததும் கேபிளை மறுபடி விளிம்புக்குக் கொண்டுபோய் அடுத்த அடுக்கைத் தொடங்கினார்கள். ஏற்றும்போது சுற்றுக்கொன்றாக ஏறுகிற முறுக்கு, கடலில் இறங்கும்போது சுற்றுக்கொன்றாகக் கழன்றுவிடும். ஆகையால் நடுவே ஒரு சுற்று புரண்டிருந்தாலும், கப்பல் நடுக்கடலில் நிற்க நேரும். கட்டா பெர்ச்சா சூட்டில் இளகிவிடுமென்பதால் தொட்டிகளில் நீர் நிரப்பி வைத்தார்கள். 1870இல் அதே கப்பல் பம்பாயிலிருந்து ஏடனுக்குக் கேபிள் போட வந்தபோது, வெயில் உறைக்காதிருக்கக் கப்பலுக்கே வெள்ளைச் சாயம் பூசினார்கள். அந்த ஆண்டு முடிந்து 1871 பிறக்கும் தறுவாயில் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடலடித் தந்தி இணைத்துவிட்டது. காலம் மாறி, கட்டா பெர்ச்சாவின் இடத்தைப் பாலித்தீன் பிடித்து, செம்பின் இடத்தை ஒளியிழை பிடித்த பிறகும், கேபிள் கப்பலின் தொட்டிக்குள் மனிதர்கள் சுற்றி நடந்து கையால் அடுக்கும் வழக்கம் நின்றபாடில்லை. சிங்கப்பூரிலிருந்து மார்செய் வரை ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர் ஓடுகிற சீ-மீ-வீ 4 என்ற கேபிள் 2005இல் திறக்கப்பட்டது. அது கரையேறும் ஊர்களில் சென்னையும் ஒன்று, கொழும்பும் ஒன்று, நம் மலாக்காவும் ஒன்று. தாய்த்தமிழகத்து உறவினரோடு திரையில் முகம் பார்த்துப் பேசுகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

இத்தனை பெரிய சரித்திரத்தின் கரையில் உட்கார்ந்துகொண்டு நாம் ஒயரை எப்படி நடத்துகிறோம் என்று பார்த்தால் நாணமாக இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கோவிலின் அன்னதானக் கூடத்தில் நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஐம்பது மீட்டர் ஒயர் சுற்றிய உருளையொன்றை மேஜைக்கடியில் வைத்து, வேண்டிய மூன்று பாகத்தை மட்டும் வெளியே இழுத்து, அதில் வெந்நீர்க் கொதிகலனையும் பெரிய சோற்றுக் குக்கரையும் சேர்த்து மாட்டியிருந்தார்கள். பார்வைக்கு நன்றாயிராதென்று உருளையின்மேல் ஒரு பழைய வேட்டியையும் போர்த்தியிருந்தார்கள். ரசம் பரிமாறும் வேளையில் ஏதோ கருகும் நாற்றம் வந்தது. பாத்திரம் அடிப்பிடித்ததென்று எல்லோரும் அடுப்படிக்கு ஓடினார்கள். வேட்டியைத் தூக்கிய பிறகுதான், ஒயரின் உள்சுற்றுகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டி, அல்வாத் துண்டுபோல் ஆகியிருந்தது தெரிந்தது. பிளக்கைப் பிடுங்கியவருக்கு விரல் சுட்டதோடு போயிற்று, அது தெய்வாதீனம்.

உருளை குற்றவாளியன்று. மின்சாரம் ஓடும் எந்தக் கம்பியும் சிறிது உஷ்ணம் கொள்ளும்; ஓட்டம் இரட்டித்தால் உஷ்ணம் நான்கு மடங்காகும். நீட்டிக் கிடக்கும் ஒயர் அந்த உஷ்ணத்தைக் காற்றில் விட்டுவிடுகிறது. பத்து அடுக்காகச் சுற்றிக் கிடக்கும் ஒயரின் நடுச்சுற்றுக்கு விடுவதற்கு இடமில்லை. கிரேட் ஈஸ்டர்ன் கப்பலுக்கு வெயிலால் வந்த உபத்திரவம் நமக்கு உள்ளிருந்தே வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சுருளாகச் சுற்றினால் ஒயர் காந்தமாகிச் சூடேறுகிறதென்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. போகிற கம்பியும் திரும்புகிற கம்பியும் ஒரே உறைக்குள் இருப்பதால் ஒன்றின் காந்தத்தை மற்றொன்று அழித்துவிடும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. நம் வீட்டு 13 ஆம்பியர் பிளக் ஏறத்தாழ 3000 வாட் சுமக்கும். முழுவதும் இழுத்துவிட்ட உருளையும் அதைச் சுமக்கும். சுற்றியபடியே வைத்தால் பல உருளைகளுக்கு அதில் மூன்றிலொரு பங்குதான் விதி. உஷ்ணம் மீறினால் தானே அணையும் பொத்தான் பல உருளைகளில் உண்டு. அது அடிக்கடி அணைகிறதே என்று சலித்துக்கொண்டு வேறு உருளை வாங்கியவர்களையும் நான் அறிவேன்.

கடையில் ஒட்டுப்பட்டை, கிளிப்பு, ரப்பர் வளையம், ஒயரை மறைக்கும் பெட்டி என்று எத்தனையோ சாமான் விற்கிறார்கள். ஒட்டுப்பட்டை நல்லது, மற்றவை பெரும்பாலும் சிக்கலைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றுவதோடு சரி. ஒளியிழை வந்த வீடுகளில் அந்த மெல்லிய வெள்ளை இழையை விரலில் சுற்றி ஆணியில் மாட்டுவோரிடம் மட்டும் ஒரு வார்த்தை: சாதாரண ஒளியிழையை மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறுகலாக வளைத்தால் வெளிச்சம் வளைவில் கசிந்துவிடும், பிறகு இணையம் மெதுவாக வருகிறதென்று யாரையும் நொந்து பயனில்லை. தெருக்கம்பங்களில் மாலைபோலச் சுருட்டி விட்டிருக்கும் கறுப்புக் கேபிள்களிலும், பின்னாளில் ஒட்டுப்போடுவதற்காகக் கிரமமாக விட்டுவைத்த சுருள் ஒரு ஜாதி, சந்தாதாரர் போன பிறகும் அவிழ்க்காமல் விட்ட அநாதைச் சுருள் மற்றொரு ஜாதி. 2008இல் உலகப் பாரம்பரிய நகரமென்று யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்ற ஊரில், இரண்டாவது ஜாதியைப் போட்டவர்களே அவிழ்த்துக்கொண்டு போகவேண்டுமென்று மாநகராட்சி கட்டளையிடுவதில் தவறொன்றும் இருக்க முடியாது.

நான் கேட்பவை இரண்டே. கோவில் நிர்வாகங்கள் திருவிழாக் காரியப் பட்டியலில் பூவுக்கொருவர், பந்தலுக்கொருவர் என்று போடுவதுபோல ஒயருக்கும் ஒருவரைப் போட்டு, இழுக்கும் பொறுப்பையும் சுற்றி வைக்கும் பொறுப்பையும் அந்த ஒருவரிடமே விடட்டும். வருகிற வருஷம் தாமே பிரிக்கப்போகிறோம் என்று தெரிந்தவர் இன்றைக்கு அலட்சியமாகச் சுற்றமாட்டார். தமிழ்ப்பள்ளிகளில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்றொரு பாடம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு வகுப்பை, ஆளுக்கு ஐந்து மீட்டர் ஒயரைக் கொடுத்து, மேலொன்று கீழொன்றாகச் சுற்றவும், வீசி நேராக ஓடுகிறதா என்று பார்க்கவும் ஒதுக்கட்டும். பிள்ளைகள் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இதை எழுதுவதற்கு முன்பு, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாமென்று, எங்களூர் இரும்புக் கடைக்குப் போய்ச் சிரிம் என்னும் தரச்சான்று முத்திரையுள்ள உருளையொன்றை எடுத்துப் புரட்டினேன். முழுவதும் இழுத்துவிட்டால் எத்தனை வாட், சுற்றியபடியே வைத்தால் எத்தனை வாட் என்ற இரண்டு அளவும் இருந்தன, அடிப்பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில். கடைக்காரரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, விளக்கடிக்குக் கொண்டுபோய், உதட்டை அசைத்துப் படித்தார். “இருபது வருஷமா இதத்தான் விக்கிறேன் சார், இப்படி ஒண்ணு எழுதியிருக்கிறத இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்த மற்ற உருளைகளையும் ஒவ்வொன்றாக இறக்கிக் கவிழ்த்துப் பார்க்கத் தொடங்கினார்.