2029-இல் உலகம் அழிந்துவிடுமா?



இம்மாதக் கடிதக் கட்டில் ஒரு தாயாரின் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். செம்பனைத் தோட்டமொன்றில் வேலை செய்பவர். அவர் எழுதுகிறார்:

"ஐயா, என் மகன் 2029-ஆம் ஆண்டில் எஸ்.பி.எம். எழுதவேண்டியவன். அந்த வருடம் ஏப்ரல் 13-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, வானத்திலிருந்து ஒரு பெரிய பாறை வந்து பூமியில் மோதப்போகிறதாம். கைப்பேசியில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். 'பரீட்சைக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிடும், நான் எதற்குப் படிக்கவேண்டும்?' என்று கேட்கிறான். விளையாட்டாகச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதமாகப் புத்தகத்தைத் தொடவில்லை. இது உண்மையா, பொய்யா?"

அம்மா, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பாறை வருவது உண்மை. மோதும் என்பது பொய். இந்த இரண்டும் எப்படிக் கலந்தன என்பதைத்தான் உங்கள் மகனும் தெரிந்துகொள்ளவேண்டும்.

அந்தப் பாறையின் பெயர் அப்போஃபிஸ். எகிப்தியரின் பழங்கதையில் வரும் ஒரு கொடிய பாம்பின் பெயர் அது. அகலம் ஏறக்குறைய 340 மீட்டர். கோலாலம்பூரில் உள்ள இரட்டைக் கோபுரத்தின் உயரத்தில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியனைச் சுற்றிவரும் இத்தகைய பாறைகளைச் சிறுகோள்கள் என்பார்கள். பூமியின் பாதைக்கு அருகில் வந்துபோகும் சிறுகோள்களில் இதுவரை கண்டுபிடித்தவையே 40,000-ஐ எட்டிவிட்டன.

அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தொலைநோக்கியால் வானத்தின் ஒரே பகுதியை ஒரே இரவில் பல முறை படம் எடுக்கிறார்கள். நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு புள்ளி மட்டும் படத்துக்குப் படம் நகர்ந்திருந்தால், அதுதான் தேடும் ஆள். பிறகு பல இரவுகள் அதைப் பின்தொடர்ந்து, அது போகும் பாதையைக் கணக்கிடுவார்கள்.

அப்போஃபிஸை 2004-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி, அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்தின் கிட் பீக் மலையிலிருந்து கண்டார்கள். இரண்டு இரவுகள்தாம் பார்க்க முடிந்தது. அதன்பின் கைநழுவிவிட்டது. டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் உள்ள தொலைநோக்கியில் மறுபடியும் அகப்பட்டது. கணக்குப் போட்டவர்களுக்குத் திடுக்கென்றது. 2029 ஏப்ரல் 13-இல் அது பூமியில் மோத முந்நூற்றில் ஒரு வாய்ப்பு இருந்தது! மேலும் பார்க்கப் பார்க்க வாய்ப்பு ஏறிக்கொண்டே போனது. டிசம்பர் 27-ஆம் தேதி அது 37-இல் ஒன்று என்றாகிவிட்டது. இவ்வளவு பெரிய பாறைக்கு அத்தனை பெரிய ஆபத்துக் கணக்கு அதற்கு முன் வந்ததில்லை. உங்கள் மகனுக்கு வந்த செய்தியின் வேர் அந்த டிசம்பர் மாதத்தில்தான் இருக்கிறது.

வாய்ப்பு ஏன் ஏறியது? ஓர் உதாரணம் சொல்கிறேன். இரவு நேரம். தூரத்தில் செம்மண் சாலையில் ஒரு லோரியின் விளக்கு தெரிகிறது. அந்தச் சாலையில் ஆறு லயங்களுக்குப் பாதை பிரிகிறது. உங்கள் லயம் கடைசி. லோரி உங்களிடம் வர ஆறில் ஒரு வாய்ப்பு. முதல் பாதையைத் தாண்டிவிட்டது, ஐந்தில் ஒன்று. இன்னும் மூன்றைத் தாண்டிவிட்டது, இரண்டில் ஒன்று! "நம்மிடந்தான் வருகிறது" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். அந்த நேரத்தில் லோரி ஐந்தாவது பாதையில் திரும்பிவிடுகிறது. வாய்ப்பு ஒரே நொடியில் பூஜ்யம்.

லோரி எங்கே போகிறது என்பது ஓட்டுநருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். தெரியாதவர்கள் நாம்தான். ஏறி இறங்கியது நம் அறியாமையின் கணக்கு. பாறையின் கதையும் அதுதான். தூரத்தில் இருக்கும்போது அது போகக்கூடிய இடம் ஓர் அகலமான பட்டையாகத் தெரியும். அளந்து அளந்து பட்டையைச் சுருக்கும்போது, பூமி அதற்குள்ளேயே இருக்கும்வரை வாய்ப்பு ஏறும். பட்டையின் ஓரம் பூமியைத் தாண்டியதும் வாய்ப்பு அற்றுப்போகும்.

அப்போஃபிஸ் விஷயத்தில் பட்டையைச் சுருக்கியது எது தெரியுமா? ஒரு பழைய படம்! அதே கிட் பீக் மலையில் வேறொரு குழுவினர் 2004 மார்ச் 15-ஆம் தேதி எடுத்த படங்களில் அந்தப் பாறை மங்கலான புள்ளியாக விழுந்திருந்தது. அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் படத்தைத் தூக்கி எறியவுமில்லை. தோட்டத்தில் பேர் விட்டுப்போனால், கிராணி பழைய செக்ரோலைப் புரட்டி "அன்றைக்கு இவர் வேலைக்கு வந்திருக்கிறார்" என்று காட்டுவதில்லையா? அப்படித்தான். அந்தப் பழைய பதிவைச் சேர்த்துக் கணக்கிட்டதும், 2029-இல் மோதல் இல்லை என்பது டிசம்பர் 27-ஆம் தேதியே முடிவாகிவிட்டது. 2036, 2068 ஆகிய ஆண்டுகளைப் பற்றி மிச்சமிருந்த சந்தேகமும் பிறகு தீர்ந்தது. 2021 மார்ச் மாதம் ராடார் கொண்டு அளந்தவர்கள், இன்னும் நூறு ஆண்டுகளுக்கு அப்போஃபிஸால் பூமிக்கு ஆபத்தில்லை என்று அறிவித்தார்கள்.

அந்த டிசம்பர் 27-ஆம் தேதியைச் சற்று நினைத்துப் பாருங்கள். அதற்கு முதல் நாள்தான் ஆழிப்பேரலை வந்தது. பினாங்கிலும் கெடாவிலும் வீடுகள் போயின. நம் நாட்டில் மாண்டவர்கள் 68 பேர், பெரும்பாலோர் பினாங்கில். சுமத்ரா, இலங்கை, தமிழ்நாடு, தாய்லாந்து என்று எல்லாக் கரைகளையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கும் மேல். அலை இலங்கையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்தது. நம் கரைக்கு வர அதைவிட அதிக நேரம். ஓடித் தப்ப அவகாசம் இருந்தது. ஆனால் இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பு கிடையாது. சொல்ல ஆளில்லாமல் போனார்கள். இருபத்துநான்கு ஆண்டு கழித்து வரும் பாறையை இரவெல்லாம் காவலிருந்து பார்த்த அதே வாரத்தில், இரண்டு மணி நேரத்தில் வந்த அலையைப் பார்க்கக் காவல் இல்லை. எங்கே காவல் வைத்தோமோ அங்கே பயம் தெளிந்தது. வைக்காத இடத்தில் உயிர் போயிற்று. அந்தப் பாடத்துக்குப் பிறகே நம் கடலிலும் எச்சரிக்கை அமைப்பு வந்தது.

வானத்தில் மட்டும் காவல் முழுமையா என்றால், இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பெரும்பாறைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 140 மீட்டர் அளவுள்ளவற்றில் பாதியைக்கூட இன்னும் காணவில்லை. சிறியவை சொல்லாமலே வரும். 2013 பிப்ரவரி 15-ஆம் தேதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறத்தாழ 20 மீட்டர் பாறையொன்று வெடித்தது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் காணவில்லை. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலும் கண்ணாடிக் காயம். வெளிச்சத்தைக் கண்டு "என்ன அது?" என்று ஜன்னலண்டை போய் நின்றார்கள். வெளிச்சம் முதலில் வந்தது. அதிர்ச்சி அலை சற்றுப் பிந்தி வந்து கண்ணாடியை நொறுக்கியது. ஒரு பள்ளியில் ஆசிரியை பிள்ளைகளை மேசைக்கடியில் போகச் சொன்னார். பிள்ளைகள் 44 பேரும் தப்பினார்கள். அவருக்குத்தான் கையில் வெட்டு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்: வானத்தில் கண்கூசும் வெளிச்சம் கண்டால் ஜன்னலை விட்டு விலகவேண்டும்.

வரும் பாறையைத் திருப்ப முடியுமா என்றும் சோதித்துவிட்டார்கள். 2022 செப்டம்பர் 26-ஆம் தேதி நாசாவின் டார்ட் என்ற கலம், டைமார்ஃபஸ் என்ற 160 மீட்டர் பாறையில் வேண்டுமென்றே மோதியது. இன்னொரு பாறையை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றிவந்த அது, அதன்பின் அரைமணி நேரத்துக்கு மேல் சீக்கிரமாகவே சுற்றி முடிக்கிறது. ஆனால் இடிக்கவேண்டுமானால் பல ஆண்டுகளுக்கு முன்பே பாறையைக் கண்டிருக்கவேண்டும். எல்லாம் மறுபடியும் காவலில்தான் வந்து நிற்கிறது.

சரி, அந்த நாளில் என்ன நடக்கும்? அப்போஃபிஸ் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகும். நம் வீட்டுக் கூரைமேல் உள்ள ஆஸ்ட்ரோ தட்டு பார்த்துக்கொண்டிருக்கும் துணைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைவிடப் பாறை கிட்டே வரும்! ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளவர்கள் வெறுங்கண்ணால், நகரும் நட்சத்திரம் போல அதைக் காண்பார்கள்.

மிக அருகே வரும் நேரம் நம் நாட்டுக் கணக்கில் மறுநாள் காலை 5.46. ஆகவே நமக்கு அது 13-ஆம் தேதியுமல்ல, வெள்ளிக்கிழமையுமல்ல. ஏப்ரல் 14, சனிக்கிழமை, சித்திரை முதல் நாள்!

தம்பி, உனக்கு ஒரு வார்த்தை. அன்று காலை உன் அம்மா வழக்கம்போல விடியுமுன்பே எழுந்து அடுப்பு மூட்டியிருப்பார். நீயும் எழுந்து வாசலில் நின்று வானத்தைப் பார். பாறை தன் வழியே போய்விடும். அதன்பின் குளித்து, கோயிலுக்குப் போய், பாயசம் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தை எடு. ஆண்டுக் கடைசியில் பரீட்சை கட்டாயம் வரும். அதில் சந்தேகமே இல்லை.