சந்தா கட்டாத வாசகர்கள்

1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கம்தான். அந்த அச்சுப் பணிக்குக் காசு திரட்டிக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். எட்டு ஆண்டு கழித்து, 1586இல், அந்த நூலை ஆக்கிய அண்டிரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ நம் புன்னைக்காயலில், தாமிரபரணி கடலோடு சேரும் இடத்தில் அச்சேறியது. 600 பக்கத்துக்கு மேல். மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சிப்பி அள்ளியவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசிக்கத் தெரிந்திராது. ஆனாலும் கொடுத்தார்கள்.

அதே கரையில், தூத்துக்குடியில் பிறந்து, பள்ளிக்கூடம் போய், நாலு எழுத்து வாசிப்பதில் பெருமையும் பட்டுக்கொள்ளும் நாம், நம் காலத்தில் ஒரு பத்திரிகையையாவது தாங்கிப் பிடித்தோமா? இல்லை. அதை நாமே சொல்லிவிடுவது நல்லது.

2020 ஊரடங்கோடு ‘கல்கி’ அச்சில் வருவது நின்றுபோனது. கல்கி கிருஷ்ணமூர்த்தியும் சதாசிவமும் 1941இல் தொடங்கிய வார இதழ். 79 ஆண்டு வந்தது. சேதி தெரிந்ததும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் இரங்கல் குவிந்தது. சிவகாமியும் வந்தியத்தேவனும் எல்லார் நினைவிலும் வந்துபோனார்கள். கடைசியாக எந்த வருஷம் காசு கொடுத்துக் கல்கி வாங்கினோம் என்று மட்டும் யாரும் எழுதவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெட்டிக்கடைகளில் கிளிப் மாட்டிக் கயிற்றில் தொங்கிய வார இதழ்களின் இடத்தில் ஷாம்பு பாக்கெட்டும் சிப்ஸ் பாக்கெட்டும் எப்போது வந்தன என்பதும் நமக்குத் தெரியாது. தினமும் அந்தக் கடை வழியாகத்தான் போனோம், வந்தோம்.

செல்போன் வந்துதான் எல்லாம் போச்சு என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறோம். வரிசையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்த்தால் அந்தச் சாக்கு நிற்காது. நா. பார்த்தசாரதியின் ‘தீபம்’ அவர் போனபின் 1988இல் அணைந்தது. கோமல் சுவாமிநாதன் நடத்திய ‘சுபமங்களா’ 1995இல் அவரோடு முடிந்தது. நம் காயாமொழியில் பிறந்த ஆதித்தனாரின் குடும்பத்து நிறுவனம் 1984இல் தொடங்கிய ‘ராணி காமிக்ஸ்’ 2005இல் நின்றது. அப்போது நம் கையில் ஸ்மார்ட்போன் ஏது? அதற்கப்புறம் அம்புலிமாமா, கோகுலம், விகடன் தடம், சுட்டி விகடன் என்று ஒவ்வொன்றாகப் போயின. சிறுவர் இதழ் ஒன்று நிற்கும்போது, பத்து வருஷம் கழித்து வரவேண்டிய வாசகர்களும் அதோடு நின்றுபோகிறார்கள். பிள்ளைகள் தமிழ் வாசிப்பதில்லை என்று புலம்பும் நாம் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

நாம் வாசித்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு தெருவுக்கு ஒரு பிரதி. துறைமுகத்தில் வேலை பார்க்கும் அண்ணாச்சி வீட்டுக்கு வரும் இதழ் மறுநாள் எதிர்வீட்டு மதினிக்கு, அங்கிருந்து டியூஷன் அக்காவுக்கு, பிறகு இஸ்திரிக் கடைக்கு, கடைசியில் சலூன் பெஞ்சுக்கு. பத்துப் பதினைந்து பேர் வாசித்திருப்போம். “முடிச்சுட்டா மைனி? அடுத்து எனக்குத்தான்” என்று சொல்லிவைத்துக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பும், வாங்கியதும் வாசலிலேயே உட்கார்ந்து தொடர்கதைப் பக்கத்தைத் திருப்பியதும் உண்மையான அன்புதான். ஆனால் பத்திரிகைக்காரரின் கணக்கில் நாம் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு ஆள். வசதி வந்து, தெருவில் வீட்டுக்கு வீடு பைக் நின்ற காலத்திலும் அந்த எண்ணிக்கையை இரண்டாக்கவில்லை நாம். கைமாற்றி வாசித்தது இல்லாமையால் வந்த பழக்கம். இல்லாமை தீர்ந்த பிறகும் அதை விடவில்லை.

2019இல் மத்திய அரசு பத்திரிகைக் காகித இறக்குமதிக்கு 10 சதவீதச் சுங்க வரி போட்டது. அடுத்த ஆண்டு அதை 5 ஆகக் குறைத்தது. விளம்பரங்கள் டிவிக்கும் பிறகு இணையத்துக்கும் போயின. பத்திரிகைகளும் சினிமாப் படங்களை நிரப்பித் தங்கள் தரத்தைத் தாங்களே இறக்கிக்கொண்டன. இதெல்லாம் உண்மை. ஆனால் விளம்பரம் போன நாளில் ஒரு இதழை நிறுத்தாமல் காப்பது வாசகன் முன்கூட்டிக் கட்டும் சந்தா. அது நம் கையில் இருந்தது. முத்துக்குளிப்பும்தான் 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் நடக்கவில்லை. கடலடிப் பாரில் சிப்பி குறைந்ததற்குக் கடலையும் காலத்தையும் காரணம் காட்டலாம். பத்திரிகைக்கு அப்படிக் கைகாட்டி விலகிக்கொள்ள நமக்கு வழியில்லை.

சரி, வாங்காமல் போனோம், வந்ததையாவது காத்தோமா? பழைய வீடுகளில் இன்றும் சில பைண்டு புத்தகங்கள் கிடக்கின்றன. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ பக்கங்களை வாரா வாரம் கிழித்தெடுத்து, ஊசி நூல் போட்டுத் தைத்து, காலிகோ ஒட்டிய அட்டைக்குள் வைத்தவை. ஓரமெல்லாம் பழுப்பேறி, தொட்டால் பொடிகிறது. மணியம் வரைந்த படங்கள் மட்டும் இன்னும் அப்படியே. பயபக்தியோடு செய்த வேலை என்று பார்த்தாலே தெரியும். ஆனால் புரட்டிக்கொண்டே போனால் ஒன்று உறைக்கிறது. கதை இருக்கிறது, பத்திரிகை இல்லை. அந்த வாரத்துத் தலையங்கம் இல்லை, சங்கீத விமர்சனம் இல்லை, விளம்பரங்கள் இல்லை, பின்னால் வந்த சிறுகதை இல்லை. பொன்னியின் செல்வனை இன்று எந்தப் புத்தகக் கடையிலும் வாங்கலாம். நாம் கிழித்து வெளியே போட்டதைத்தான் இனி எங்கேயும் வாங்க முடியாது.

அப்படிப் போனவற்றில் நம் கடற்கரையும் உண்டு. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் நாவலாக வந்ததால் நிலைத்தது. ஜோ டி குருஸின் ‘கொற்கை’ 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இவை நூலான பேறு பெற்றவை. மூன்று கதை எழுதிவிட்டு உப்பளத்துக்கோ துறைமுகத்துக்கோ பிழைப்பைப் பார்க்கப் போனவன் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்திருப்பான். அவன் எழுதியது ஏதோ ஒரு இதழின் ஏதோ ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்த இதழ் எடைக்குப் போனால் அவனும் போனான். வாசகர் கடிதம் எழுதியவர்களும் அப்படித்தான். பெயருக்குக் கீழே ‘தூத்துக்குடி-2’ என்று அச்சில் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டு எழுதியிருப்பார்கள்! சினிமாப் பாட்டிலிருந்து ரயில் நேரம் வரை எல்லாவற்றையும் கேள்வி கேட்ட நம் ஊர்க்காரர்களின் குரல் அந்தப் பக்கங்களில் இருந்தது. கோவில்பட்டியிலிருந்து 1970களில் வந்த ‘நீலக்குயில்’ சிற்றிதழின் எல்லா இதழ்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் நம் மாவட்டத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்றுகூட நமக்குத் தெரியாது.

தேடுகிறவர்கள் சென்னைக்கு ரோஜா முத்தையா நூலகத்துக்கும், புதுக்கோட்டைக்கு ஞானாலயாவுக்கும் போகிறார்கள். தனி மனிதர்கள் தம் சொந்தப் பணத்தைக் கரைத்துச் சேர்த்ததில் பிறந்த இடங்கள் அவை. ஒரு துறைமுக நகரம் முழுவதும் சேர்ந்து அதில் பாதியாவது செய்திருக்கலாம்.

கடலுக்கு அந்தப் பக்கம் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் சலூன் தொழிலாளியான டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். சலூன்தான் ஆசிரியர் அலுவலகம். இதழைக் கையில் அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் விற்றார். போர் துரத்தியபோது கொழும்புக்குக் கொண்டுபோய் நடத்தினார். 2012 வரை 400 இதழுக்கு மேல் வந்தது. இன்று அவை நூலகம் நிறுவனத்தின் மின்தொகுப்பில் யாரும் வாசிக்கும்படி கிடக்கின்றன. குண்டு விழுந்த ஊரிலிருந்து வந்த பத்திரிகைக்குக் கிடைத்த பத்திரம், ஒரு குண்டும் விழாத நம் ஊரில் வாசித்த பத்திரிகைகளுக்குக் கிடைக்கவில்லை.

நம்மிடமும் அப்படி ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். மில்லர்புரத்தில் சலூன் வைத்திருப்பவர், முடிவெட்ட வருகிறவர்களுக்காகக் கடைக்குள்ளேயே நூலகம் அமைத்து, வாசித்தவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடியும் கொடுத்தார். 2020 அக்டோபரில் பிரதமர் வானொலியில் அவரோடு பேசியபோதுதான் நம்மில் பலருக்கு அந்தக் கடை எங்கே இருக்கிறது என்றே தெரிந்தது. ஊர்ப் பெருமை என்று எல்லாரும் பகிர்ந்தோம். அந்தக் கடைக்கு ஒரு இதழின் சந்தாவை நாம் கட்டுகிறோம் என்று நம் சங்கங்களில், மன்றங்களில், பழைய மாணவர் குழுக்களில் எதுவும் தீர்மானம் போட்டதாக நம் காதுக்கு எட்டவில்லை.

வழி தெரியாமல் போனதென்றும் சொல்ல முடியாது. பக்கத்துச் சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972இலிருந்து வருகிறது. லயன் காமிக்ஸ் 1984இலிருந்து. கடைகளில் விற்பனை படுத்தபோது, வாசகர்கள் ஒரு வருஷத்துச் சந்தாவை முன்பணமாகக் கட்டி அவற்றை நிற்கவைத்தார்கள். சின்ன வயதில் வாசித்த மாயாவியை ஐம்பது வயதிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு கூட்டம்தான் அது. அவ்வளவு பேர் போதும்.

‘காலச்சுவடு’ நாகர்கோவிலிலிருந்து வருகிறது. ‘செம்மலர்’ மதுரையிலிருந்து. இரண்டு ஊருக்கும் தூத்துக்குடியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம். அவற்றைத் தபால்காரர் நம் தெருவில் எந்த வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறார் என்று யாராவது கேட்டால், சொல்வதற்கு நமக்கு ஒரு வீடும் தெரியவில்லை.