கோடையில் பூவும் பறவையும் ஆடம்பரமா?

அக்னி நட்சத்திர நாட்களில் உளுந்தூர்பேட்டை போன்ற ஊரில் வீட்டுத் தோட்டம் வீண் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இட்லிப்பூவும் செம்பருத்தியும் அரளியும் குண்டுமல்லியும் கோடையிலும் பூப்பவை. அங்கே தேனுக்கு வரும் தேன்சிட்டு, தன் குஞ்சுகளுக்குப் பூச்சியையும் சிலந்தியையும் ஊட்டுகிறது. மருந்தடிக்காத செடியில்தான் அவை கிடைக்கும். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்து உடல் சூட்டைத் தணிக்கின்றன. அதில் உடலின் நீர் குறைகிறது. முற்றம் முழுக்க சிமென்ட் பூசிவிட்டால் நிழலும் இல்லை, இரையும் இல்லை.

குடிக்கவே தண்ணீர் தட்டுப்பாடு, செடிக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. அரிசியும் காயும் கழுவிய நீரே நாலைந்து தொட்டிச் செடிகளுக்குப் போதும். பறவைக்கு மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத் தண்ணீர் வைத்தால் போதுமானது. கொசு பெருகும் என்பார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்டப் பொதுவாக ஒரு வாரமாவது ஆகும். தினமும் சட்டியைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றினால் அதற்கு இடமில்லை. ரசிப்பவர்தான் நாள் தவறாமல் இதைச் செய்வார். ஆகவே ரசனையே இங்கே பராமரிப்பு. வீடு கட்டுவோர் கொஞ்சம் மண்தரையை விட்டுவைக்கட்டும்.