முதல் வாக்கியம்

ஆங்கிலத் தேர்வில் பசுவைப் பற்றி ஒரு பாரா எழுதச் சொன்னால், நம்மில் பலருடைய பேனா "தி கௌ இஸ் எ டொமஸ்டிக் அனிமல்" என்றுதான் தொடங்குகிறது. பிழையற்ற வாக்கியந்தான். ஆனால் அது டென்மார்க் பசுவுக்கும் பொருந்தும், நம் காங்கேயம் பசுவுக்கும் பொருந்தும். அதன்பின் நான்கு கால், இரண்டு கொம்பு, ஒரு வால் என்று எண்ணிக்கொண்டு போகவேண்டியதுதான்!

"காங்கேயம் கன்று பிறந்த நிறத்திலேயே வளர்வதில்லை" என்று ஆங்கிலத்தில் தொடங்கிப் பாருங்கள். செந்நிறமாகப் பிறக்கும் கன்று ஏறக்குறைய 6 மாதத்தில் சாம்பல் நிறமாகிறது. காளையானால் கழுத்தும் திமிலும் கருமையேறுகின்றன. முதல் வாக்கியம் ஒன்றைச் சொல்லிவிட்டது. மற்றவை அதற்குச் சாட்சி சொல்ல வருகின்றன. மாடு மேயும் கொறங்காட்டைப் பற்றியும் எழுத ஆசையா? அதற்கு வேறொரு பாரா வேண்டும்.

பாராவின் தொடக்க வாக்கியம் அதன் பொருளைச் சுட்டவேண்டும் என்று ஸ்காட்லாந்துப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெயின் 1866ஆம் ஆண்டிலேயே எழுதினார். இதைத்தான் டாபிக் சென்டன்ஸ் என்கிறோம்.

நாமோ நோட்ஸில் உள்ள கடற்கரையை மனப்பாடம் செய்கிறோம். நம் ஊரில் கடல் ஏது? தினமும் கடந்து வருவது கொப்பரைக் களத்தை அல்லவா! "உழவர் வேண்டும் மழைக்குக் களத்துக்காரர் அஞ்சுகிறார்" என்று தொடங்கினால், நனைந்த கொப்பரை பூஞ்சணம் பிடிப்பதும், மேகம் கறுத்ததும் பெண்கள் ஓடி வாரிக் குவிப்பதும் தாமே வந்து சேரும்.

எளிய சொற்களுக்கு மதிப்பெண் குறையும் என்று சில தோழியர் அஞ்சுகிறார்கள். கன்று, சிவப்பு, சாம்பல், மழை இவற்றுக்கு உரிய ஆங்கிலச் சொற்களைச் சின்ன வகுப்பிலேயே படித்துவிட்டோமே!